ரேடியோ அண்ணனின் தேனீப்பெட்டி

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி அந்தத் தெருவில் விசாரித்தால் யாரும் கடையைக் காட்ட மாட்டார்கள். ரேடியோ அண்ணன் சலூன் என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் மூடும். நடுவில் விளம்பர இடைவேளைகூடக் கிடையாது.

வாய்தான் அப்படி என்றால் கை அதற்கு மேல். முடி வெட்டி முடித்து, துணியை உதறி, வாசல்வரை போய்விட்ட ஆளை "ஒரு நிமிஷம் சார்" என்று திரும்பக் கூப்பிடுவார். காதோரம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடியை நறுக்கென்று வெட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். எதுவும் எங்கேயும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் மனைவி வாங்கி வருகிற கீரைக்கட்டின் நுனியைக்கூடச் சீராக வெட்டி வைத்த மனிதர் அவர். வேண்டாம் என்று சொல்லி அந்த அம்மாளுக்கு அலுத்துப்போய்விட்டது.

மகளுக்குத்தான் இந்த ரேடியோ சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரே பெண், பதினாறு வயது. கணக்கில் அவள் நாற்பத்திரண்டு வாங்கிய மார்க் அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினாள். மறுநாள் வகுப்பில் அவள் உட்காருவதற்கு முன்பே பக்கத்துப் பெஞ்சில் நாற்பத்திரண்டைப் பற்றிப் பேச்சு. எந்த வழியாகப் போயிருக்கும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? அன்றிலிருந்து வீட்டில் அப்பாவிடம் அவளுக்கு மூன்றே வார்த்தைதான்: சரி, இல்ல, தெரியாது. அவரும் ஊரெல்லாம் பேசிவிட்டு வந்து அந்த மூன்று வார்த்தைக்காக ஏதேதோ கேட்டுக்கொண்டே இருப்பார். பாவமாக இருக்கும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, கடைப் பெயர்ப்பலகையின் மூலையில் ஒரு தேனீக் கூட்டம் வந்து அப்பிக்கொண்டது. தலையணை அளவுக்கு ஒரே கொத்து. தெருவே கூடிவிட்டது. யாரோ தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டார்கள். வண்டி ஓட்டி வந்த அம்மா சாவகாசமாக இறங்கி, ஏணி போட்டு ஏறி, ஒரு மரப்பெட்டியைக் கீழே பிடித்துக்கொண்டு பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். பாதிக்கு மேல் தொப்பென்று பெட்டிக்குள் விழுந்தது. மீதி சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"இனிமே பிடிக்க வேணாம். ராணி உள்ளே போயிடுச்சு. மத்ததெல்லாம் தானா வரும், பாருங்க" என்றாள்.

சொன்னபடியே வந்தன. பெட்டியைப் பலகைக்குக் கீழே மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொன்றாக இறங்கி, வரிசையாக, சின்ன வாசல் வழியாக நடந்து உள்ளே போயின. தள்ளுமுள்ளு இல்லை. ரேடியோ அண்ணன் கடையைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அந்த ஒரு மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது.

"இதை என்ன செய்வீங்க?"

"ஸ்டேஷன் பின்னாடி ஏற்கெனவே ஆறு பெட்டி வெச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா குடுத்துடுவேன்."

"நான் கேக்கறேன்" என்றார் அவர். வாய் முந்திக்கொண்டுவிட்டது. டிரைவரம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் திறக்காதீங்க. என்னன்னு தெரியாத எதுலயும் கை வைக்காதீங்க. ரேடியோ அண்ணன் பெரிதாகத் தலையாட்டினார். ஆட்டிய வேகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் பெட்டியை வைத்தார். மறுநாள் மத்தியானமே திறந்தார். கடையிலிருந்து நேராகப் போனவர், சட்டையெல்லாம் ஷேவிங் லோஷன் மணம், போதாக்குறைக்கு யாருடையதோ முடி வேறு தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. தேனீக்கு இரண்டுமே ஆகாது. மூஞ்சியில் ஏழு கொட்டு. சாயங்காலம் வந்த வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "அண்ணே, நாளைக்கு வர்றோம்" என்று நழுவினார்கள். "மூணு பேர் இருந்த வீட்டுக்குப் பத்தாயிரம் பேரைக் கூட்டிட்டு வந்தாச்சு. தேன் எங்கேன்னு கேட்டா மட்டும் பதில் இல்ல" என்று மனைவி வீங்கிய கன்னத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டே திட்டினாள்.

ஆனால் அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. மகள் வந்து எதிரே நின்றாள். "லோஷன் போட்டுட்டுப் போகக் கூடாதுப்பா. அதுங்களுக்கு மோப்பம் ஜாஸ்தி. நான் படிச்சேன்." எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் வரும். ரேடியோ அண்ணனுக்குக் கன்னம் எரிந்தது மறந்தேபோனது.

அடுத்த சனிக்கிழமை அவளே ஒரு நோட்டோடு மாடிக்கு வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு சிநேகிதர்களைக் கூட்டி வந்தாள். ஒருத்தி நெட்டை, பெயருக்கேற்ற உயரம். இன்னொருவன் டாக்டர். பையில் எந்நேரமும் களிம்பு, மாத்திரை, பஞ்சு வைத்திருப்பான், அதனால் அந்தப் பெயர். மனைவி பழைய கொசுவலையைத் தொப்பிகளில் வைத்துத் தைத்து நாலு முகமூடி செய்து கொடுத்தாள். திட்டிக்கொண்டேதான்.

சனிக்கிழமை பத்து மணி ஆனால் போதும். நெட்டை மூடியைத் தூக்குவாள். டாக்டர் தேனீக்களை அடக்குகிற புகை டப்பாவை அமுக்குவான். மகள் எழுதுவாள்: தேனடை எத்தனை, முட்டை இருக்கும் அறை எத்தனை, புழு எத்தனை. ரேடியோ அண்ணன் அடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கம் சொல்வார். அவருக்கும் அந்தப் பிள்ளைகள் அளவுதான் தெரியும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் குறைச்சல். ஆனாலும் பிறந்ததிலிருந்தே தேனீயோடு வளர்ந்தவர்போலப் பேசுவார். தெரியாத கேள்வி வந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்வார். "எப்படிப்பா தெரியும் உங்களுக்கு?" என்று ஒருமுறை மகள் கேட்டாள். அதைக் கிண்டலாகக் கேட்டாளோ நிஜமாகக் கேட்டாளோ, அவர் வாரம் முழுக்க மிதந்தார். வீட்டில் கிடைக்காத மகள் அந்த மாடியில் ஒரு மணி நேரம் கிடைத்தாள். அவருக்கு அந்தப் பெட்டியில் தேனே வராவிட்டாலும் பரவாயில்லை.

சனிக்கிழமையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? இல்லையே! தினமும் மத்தியானம் சாப்பிட்டவுடன் லோஷன் வாசம் போகக் குளித்துவிட்டு மாடிக்கு ஓடுவார். "சும்மா ஒரு எட்டுப் பார்த்துட்டு வரேன்." ஒவ்வொரு சட்டமாக எடுப்பார், பார்ப்பார், வைப்பார். மகளுக்குக்கூடத் தெரியாது.

ஐந்தாவது சனிக்கிழமை, ஓர் அடையின் நடுவில் புதிதாக மூன்று தொங்கிக்கொண்டிருந்தன. மற்ற அறையெல்லாம் வரிசையாக, சமமாக இருக்க, இவை மட்டும் வேர்க்கடலைபோலத் துருத்திக்கொண்டு நின்றன. துருத்திக்கொண்டு! கேட்கவும் வேண்டுமா? மீசை திருத்தும் சின்னக் கத்தரி அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். கை அதைத் தேடிப் போய்விட்டது.

"இருங்கப்பா. இது என்னன்னு பார்த்துட்டுச் செய்யலாம்."

"இதுல பார்க்க என்னம்மா இருக்கு? வேண்டாத வளர்ச்சி. விட்டா அடையே கோணலாயிடும்."

"வேணாம்பா."

நெட்டையும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மகள் வேண்டாம் என்று சொல்லி, அதை அவர்கள் எதிரில் கேட்டு நிறுத்தினால் என்ன மரியாதை? நறுக், நறுக், நறுக். மூன்றாவதிலிருந்து வெள்ளையாகப் பால்போல ஏதோ வழிந்தது. அதற்குள் ஒரு புழு நெளிந்தது. "பார்த்தீங்களா, பூச்சி விழுந்த அறை" என்றார் ரேடியோ அண்ணன். சத்தமாகத்தான் சொன்னார். மகள் நோட்டில் எழுதினாள்: மூன்று. அப்பா வெட்டிவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்தில் பெட்டியின் சத்தமே மாறிவிட்டது. முன்பெல்லாம் காதை வைத்தால் சீராக ஒரு முனகல் கேட்கும். இப்போது மூடியைத் தூக்கினாலே ஓவென்று இரைந்தன. முட்டை இல்லை. புழுவும் இல்லை. பழைய ராணியையும் காணோம். மகள் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து, படம் போட்ட பக்கத்தைத் திறந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வேர்க்கடலைபோல மூன்று. கீழே எழுதியிருந்தது: புதிய ராணி வளரும் அறை.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கிற தேனீக்களுக்கு ஆயுள் சில வாரம்தான். முட்டை போட ராணி இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகச் செத்துப் பெட்டி காலியாகிவிடும். பெட்டி காலியானால் சனிக்கிழமை காலியாகிவிடும். நெட்டை வர மாட்டாள், டாக்டர் வர மாட்டான். மகள் மறுபடி மூன்று வார்த்தைக்குப் போய்விடுவாள். அதை நினைத்தபோதுதான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மறுநாள் கடையில் ஒருவர், "என்னண்ணே, தேனீயெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். ரேடியோ அண்ணன் அவர் பிடரியில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே, "எங்கே சார், அந்த டிரைவரம்மா குடுத்ததே சொத்தைக் கூட்டம். ராணி சரியில்ல. நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார். பழியைத் தூக்கி யார் மேலாவது போட்டதும் அவருக்கு அரை நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் மகள். பள்ளிப் பையோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, கத்தாமல், நிதானமாகக் கேட்டாள்.

"வெட்டினது நீங்கப்பா. தெரியாம வெட்டிட்டீங்க, அதை விடுங்க. அவங்க மேல ஏன் போடறீங்க?"

அவர் ஏற்கெனவே துடைத்து வைத்த கத்தரியை எடுத்து மறுபடி துடைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அவள் மாடிக்கு வரவில்லை. நெட்டையும் டாக்டரும் வந்து, "அவளுக்குத் தலைவலியாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர்களும் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் நிற்க இடம் இருக்காது. அந்த ஞாயிறு ஷட்டர் இறங்கியே இருந்தது. ரேடியோ அண்ணன் பஸ் பிடித்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனார். டிரைவரம்மா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவளைக் கண்டதும் எங்கே போனதோ தெரியவில்லை.

"கூட்டம் நல்லா இருக்கா?"

"நான் ராணி அறையை வெட்டிட்டேங்க. மூணு. பொண்ணு வேணாம்னா. கேக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம், கடையில நாலு பேர்கிட்ட நீங்க குடுத்த கூட்டமே சரியில்லன்னு சொல்லிட்டேன். அதுவும் பொய்."

டிரைவரம்மா குழாயை மூடினாள். "எத்தனை நாளைக்கு ஒரு தடவை திறந்தீங்க?"

"தினமும்."

"அப்போ பழைய ராணியை நசுக்கினதும் நீங்கதான். அதனாலதான் அதுங்க புதுசு கட்டிச்சு. அதையும் வெட்டிட்டீங்க. முடி இல்லைங்க இது, திரும்ப வளர்றதுக்கு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டிரைவரம்மா கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் அவளுக்கே மனசு கேட்கவில்லைபோல.

"ஒரே ஒரு வழி இருக்கு. என் பெட்டியிலேருந்து இன்னைக்கு நேத்துப் போட்ட முட்டையோட ஒரு சட்டம் தரேன். அதை வெச்சு அதுங்களே ராணியை வளர்த்துக்கும். வளர்த்தா உண்டு. இன்னும் ஒரு வாரம் விட்டீங்கன்னா அதுவும் முடியாது. இதைச் சாய்க்கக் கூடாது, குலுக்கக் கூடாது, குளிர விடக் கூடாது. அங்கே யாராச்சும் பெட்டியைத் திறந்து ரெடியா வெச்சிருக்கணும். ஆள் இருக்கா?"

அவர் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தார்.

"என்னப்பா?"

"டிரைவரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா. வெட்டினதை, பொய் சொன்னதை, எல்லாத்தையும். ஒரு முட்டைச் சட்டம் தராங்க. நீ வரணும். நீ இல்லாம முடியாதும்மா."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "எவ்வளவு நேரத்துல வருவீங்க?" என்றாள்.

சட்டத்தைத் துண்டுகளில் சுற்றினார். ஷேவிங்குக்கு முன் முகத்தில் போடுகிற துண்டுகள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்தார். நிலையத்துச் சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் அந்தத் துண்டுகளை முதலிலேயே வைத்துச் சூடாக்கிக் கொடுத்திருந்தாள் டிரைவரம்மா. பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார். "என்ன சார் அது?" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "முட்டை" என்றார் ரேடியோ அண்ணன். அவ்வளவுதான். கேட்டவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

மாடியில் மூன்று பேரும் இருந்தார்கள். முகமூடி போட்டு, புகை போட்டு, நடுவில் ஒரு சட்டம் அளவுக்கு இடம் ஒதுக்கிப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். ரேடியோ அண்ணன் மேல்மூச்சு வாங்க நின்றார்.

"நெட்டை, டாக்டர், ரெண்டு பேரும் கேளுங்க. அன்னைக்கு நான் பூச்சின்னு சொன்னேன் இல்ல? அது பூச்சி இல்ல. ராணி. இவ வேணாம்னு சொன்னா. எனக்குத் தெரியல, தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"சட்டத்தைக் குடுங்கப்பா, ஆறிடப் போகுது" என்றாள் மகள்.

டிரைவரம்மாவின் கட்டளை நாலு வாரம் திறக்கக் கூடாது என்பது. ராணி வளர்ந்து, வெளியே பறந்துபோய்த் திரும்பி வந்து, முட்டை போட அவ்வளவு நாள் ஆகுமாம். அந்த நாலு வாரம் ரேடியோ அண்ணன் பட்ட பாடு இருக்கிறதே! பிள்ளைகள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். தேனீக்கு இல்லை, அவருக்கு. மத்தியானம் மாடிப்படியில் கால் வைத்தால், மனைவி அடுப்படியிலிருந்தே "யாரது?" என்பாள். பெட்டியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து வாசலை மட்டும் பார்க்கலாம். பார்த்தார். போகிறவை குறைந்துகொண்டே வந்தன. மூன்றாவது வாரம் விரல் விட்டு எண்ணிவிடலாம்போல இருந்தது. கடையில் யார் கேட்டாலும், "நான் கெடுத்துட்டேன் சார். டிரைவரம்மா குடுத்தது நல்ல கூட்டம். பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். வாடிக்கையாளர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை திறந்தார்கள். அவர் எதையும் தொடவில்லை, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர் புகை போட்டான். நெட்டை நடுச் சட்டத்தை மெல்ல உருவி, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். மகள் மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருக்கு" என்றாள். "அறைக்கு ஒண்ணா, நடுவுல, நிக்குது. அப்பா, பாருங்க! வாங்க, பாருங்க!"

அவர் குனிந்தார். ஒன்றுமே தெரியவில்லை. ஐம்பதை நெருங்கும் கண், மூக்குக்கண்ணாடி கடையில் கிடந்தது, முகத்தில் வலை வேறு. எல்லா அறையும் இருட்டாக, ஒரே மாதிரி இருந்தது. மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"இப்படிப் பார்த்தா தெரியாது. வெயில் உங்க தோளுக்குப் பின்னாலேருந்து வரணும்."

மகள் வலையோடு சேர்த்து அவர் தாடையைப் பிடித்தாள். கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். உச்சந்தலையில் இன்னொரு கையை வைத்து லேசாகச் சாய்த்தாள். இருபத்தேழு வருடமாக ஊரார் தலையையெல்லாம் பிடித்துத் திருப்பியவர் அவர். அவர் தலையை இப்படி ஒருவரும் பிடித்ததில்லை.

"அசையாதீங்க. நல்லாப் பாருங்க. தெரியுதா?"

தெரிந்தது. அவள் திருப்பிய மறுகணமே தெரிந்துவிட்டது. அறைக்கு ஒன்றாக, நூல் நுனி அளவில், வெள்ளை வெளேரென்று, வரிசை வரிசையாக. கண்ணில் நீர் கட்டி அது மறையும்வரை பார்த்தார். தெரிகிறது என்று சொன்னால் அவள் கையை எடுத்துவிடுவாளே என்று, ரேடியோ அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை.